தற்காலிகமாக

முந்நூற்றுப் பதினாறு.
பில்டு ஓடி முடிந்ததும் எண்ணினேன்.
பிழை ஒன்றுமில்லை, எல்லாம் மஞ்சள்.
"இது விரைவில் கைவிடப்படும்,
மாற்றாக இன்னதைப் பயன்படுத்துக" என்று
வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் வீட்டுக்காரர் போல
மரியாதையாக,
தேதி மட்டும் சொல்லாமல்.

டர்பனில் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி எங்களுடையது.
கூப்பிடுகிறவர் சொல்லும் முகவரியை
வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி
ஓட்டுநரின் போனுக்கு அனுப்புவது என் நிரல்.
அதில் நான் எழுதியது நாலாயிரம் வரி.
ஊரார் எழுதி நான் எடுத்துப் போட்டது எவ்வளவு என்று
கேட்காதீர்கள்.
முகம் தெரியாத இருநூறு பேர் அரைத்த மாவில்
தோசை சுட்டுப் பெயர் வாங்குகிறேன்.

நேற்றுவரை இந்த மஞ்சள் கண்ணில் பட்டதில்லை.
அமைப்புக் கோப்பின் பதினோராம் வரியில்
யாரோ அதன் வாயைக் கட்டியிருந்தார்கள்:
எச்சரிக்கை எதையும் காட்டாதே.
எந்தப் புண்ணியவான் என்று வரலாற்றைப் புரட்டினேன்.
மூன்று வருடத்துக்கு முன், வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்து நாற்பது.
சரோஷ்னி படையாச்சி.

நான்தான்.
காரணம் என்ற இடத்தில்
"தற்காலிகமாக" என்று வேறு எழுதியிருக்கிறேன்.

இருநூற்றெண்பது வெறும் பெயர் மாற்றம்.
தேடு, மாற்று, டெஸ்ட் ஓட்டு, கெட்டிலைப் போடு.
இருபத்தைந்து நம்முடையதே இல்லை.
நாம் நம்பும் நூலகம் நம்பும் நூலகம் நம்பும் ஒன்று.
சித்தப்பாவின் சம்பந்தி வாங்கிய கடனுக்கு
நம் வாசலில் வந்து நிற்கும் ஆள்.
திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.
அதைப் பராமரிப்பவர் கடைசியாக யாருக்கோ பதில் சொன்னது
போன ரக்பி உலகக்கோப்பைக்கு முன்.
இன்னொரு பத்தைத் தொட்டால்
பில்லிங் விழுகிறது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது, அட்டவணைப்படி.
அவர்களாவது நேரம் சொல்லிவிட்டு வெட்டுகிறார்கள்.

கடைசி ஒன்று.
"பழைய தெருப்பெயர்த் தேடல்
அடுத்த பதிப்பில் நீக்கப்படும்.
அதிகாரபூர்வப் பெயரைப் பயன்படுத்துக."

நியாயம்தான்.
கிரே ஸ்ட்ரீட் இன்று டாக்டர் யூசுஃப் டாடூ தெரு.
பலகை மாறிப் பதினைந்து வருடத்துக்கு மேல்.
துரைமார் பெயர்கள், போகட்டும்.
ஆனால் அழைப்புப் பதிவுகளைக் கேட்டேன்.
போன மாதம் மட்டும் நூற்று நாற்பது.
மூச்சு இழுக்கும் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
"கிரே ஸ்ட்ரீட், மசூதி தாண்டி, மூணாவது மாடி" என்கிறாள் ஒருத்தி.
"மூர் ரோடு, மூர் ரோடு" என்கிறான் ஒரு பையன்.
அந்தப் பெயர் போனபோது
அவன் பிறந்திருக்கவே மாட்டான்.

பயத்தில் நாக்கு
பழைய பதிப்பில்தான் ஓடுகிறது.

"அப்டேட் பண்ணாமலே விட்டுவிடேன்" என்றான் லுங்கேலோ.
இதே பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருக்கிறது,
அதுவும் மஞ்சளாகத்தான் ஆரம்பித்தது என்றேன்.

அறுநூற்றுப் பதினொரு பழைய பெயர்களையும்
அவர்கள் தூக்கிப் போடுமுன்
எங்கள் கிடங்குக்குள் இழுத்துக்கொண்டேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட்.
லுங்கேலோ தன் பங்குக்கு
டாக்சிக்காரர்கள் மட்டும் சொல்லும் பதினேழு பெயர்களைச் சேர்த்தான்,
எந்த ஆட்சியிலும் எந்தப் பலகையிலும் ஏறாதவை.
அவற்றை அழிக்கப்போவதாக
யாரும் எச்சரித்ததுகூட இல்லை.

பதினோராம் வரியை நீக்கினேன்.
முப்பத்தைந்து மஞ்சள் மிச்சம்.
பக்கத்தில் ஒரு தேதி, என் பெயர்.
நாளை வருகிறவர் புண்ணியவானைத் தேடி
அலைய வேண்டாம்.

ஏழு மணிக்குக் காரை எடுத்தேன்.
வேகமானிக்குக் கீழே நான் எப்போதோ ஒட்டிய
ஷார்க்ஸ் டீம் ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

இஞ்சின் விளக்கு.
எரிந்துகொண்டுதான் இருக்கிறது.